இரண்டு சீட்டிக்கு நடுவே

பதினொன்று. வசந்தாமணி விரல்களை வாயிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டே மனதுக்குள் மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். வலது மூலையில் மூன்று, நடுவில் தீவனத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நாலு, அப்புறம் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாக நாலு. மூன்றும் நாலும் ஏழு, ஏழும் நாலும் பதினொன்று. வேண்டாத கணக்கு மட்டும் எப்போதும் சரியாக வந்து தொலைக்கும். கறிக்கோழி வளர்க்கிறவர்களுக்கு இது காலைக் கடமை. ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஒரு சீட்டி அடிக்க வேண்டும். நாலாயிரத்து எண்ணூறு கோழிகளும் பருந்து வந்துவிட்டதோ என்று சட்டென்று வாயடைத்து நிற்கும். ஐந்து நொடி, மிஞ்சினால் ஆறு. அந்த அமைதிக்குள் காதைக் கொடுத்தால் தும்மல் கேட்கும், சளி கட்டிய கோழி அடக்க முடியாமல் போடுகிற 'ச்சிக்' என்ற சின்னச் சத்தம். ஒன்றிரண்டு என்றால் தூசி. பத்தைத் தாண்டினால் பயப்பட வேண்டும் என்பது பல்லடம் பக்கத்துச் சட்டம். எந்த அரசாங்கமும் போட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும். அந்தச் சீட்டி இந்தத் தோட்டத்தில் வசந்தாமணியுடையது. சின்ன வயதில் அண்ணன்களோடு போட்டி போட்டுப் பழகியது. "பொட்டப்புள்ள சீட்டி அடிச்சா வூடு வெளங்காது" என்று அம்மா வாய்மேலேயே ஒன்று போட்டிருக்கிறாள். வாக்கப்பட்டு வந்து கோழி ஷெட் போட்டபோது, புருஷன் நாச்சிமுத்துவுக்கு முன்பல் இரண்டு இல்லாததால் வெறும் காற்றுதான் வந்தது, கோழிகள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது விரலை வாயில் வைத்தவள்தான். பதினோரு வருஷம் ஆகிறது. பதினொன்று, இங்கேயும் பதினொன்று. அவளுக்கு அந்த எண்ணின் மேல் கோபம் வந்தது.

முப்பத்து நாலாம் நாள் பார்த்தா இது நடக்க வேண்டும். குஞ்சு இறக்கிய அன்றிலிருந்து ஒரு சொட்டுக் கிருமிக்கொல்லி மருந்துகூடப் போடாமல் முப்பத்து நாலு நாள். பத்து நாள் தாண்டட்டும் பார்க்கலாம் என்றார்கள் ஊரில், தாண்டியது. இருபதில் படுத்துக்கொள்ளும் என்றார்கள், இருபதில் அவள் கோழிகள் தீவனத்துக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு ஓடின. இன்னும் நாலு நாளில் லாரி வந்து பிடித்துக்கொண்டு போய்விடும். அது வரைக்கும் தாங்கினால் போதும், இந்தச் சுற்று வட்டாரத்தில் மருந்தில்லாமல் ஒரு பேட்ச் எடுத்த முதல் ஆள் அவள்தான். முதல் ஆள் என்று நினைக்கும்போதே அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு குதிப்பு, நாற்பத்தாறு வயதில் குதிக்கிறதே என்று வெட்கம், வெட்கத்தையும் மீறி இன்னொரு குதிப்பு. அவளுக்குக் குஞ்சும் தீவனமும் கொடுக்கிற கம்பெனியின் சூப்பர்வைசர் பிரகதீஸ் ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். வெறுமனே எடை பார்க்க இல்லை. வீடியோ எடுக்க. "அக்கா, ஷெட்டுக்குள்ள நின்னு நீங்களே சொல்லோணும், ஒரு சொட்டு மருந்து போடலன்னு. மேல அனுப்பப் போறனுங்" என்று நேற்று போனில் சொன்னான். அதற்காகத்தான் காலை ஆறு மணிக்கு, கோழி எச்சத்துக்கு நடுவில், தங்கச்சி மகள் சீருக்கு எடுத்த கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கால் செருப்பு மட்டும் பழையது. வீடியோவில் கால் வராது என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

மணி ஆறு இருபத்தைந்து. கம்பெனியின் கோழி டாக்டர், அந்தச் சின்னப் பெண், ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லியிருந்தாள். "தும்மல் கேட்டா ஒடனே மருந்துக்கு ஓடாதீங்க. மொதல்ல படுதாவத் தூக்குங்க. அரை மணி நேரம் பொறுத்து மறுபடி சீட்டி அடிங்க. கெட்ட காத்துனால வந்த தும்மலா இருந்தா கொறைஞ்சிரும். நோவா இருந்தா கொறையாது. அப்ப எனக்குப் போன் பண்ணுங்க." நேற்று ஐப்பசி மழை சாய்த்துச் சாய்த்து அடித்ததால் ஷெட்டில் வலை அடித்த இரண்டு பக்கத்தையும் மூடுகிற படுதாவை அடிவரைக்கும் இறக்கிவிட்டுப் படுத்தார்கள். உள்ளே நுழைந்தபோது கண் எரிந்தது, ஈரமான நார்த்தூள் படுக்கையிலிருந்து எச்ச நெடி மூக்கின் நடு எலும்பில் ஏறியது. அப்படியானால் காற்றுதான். காற்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் போன வாரமும்தான் மழை பெய்தது, போன வாரமும்தான் படுதா இறங்கியிருந்தது, போன வாரம் நாலுதானே கேட்டது? நாலா, ஐந்தா? அவள் கயிற்றை இழுத்துப் படுதாவைச் சுருட்டி ஏற்றிக்கொண்டே போனாள், கிழக்குப் பக்கம் முழுவதும், பிறகு மேற்குப் பக்கம், கை நரம்பு புடைக்கப் புடைக்க. வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்து அகலமாகிக்கொண்டே வந்தது. குளிர்ந்த காற்று வந்து கோழிகளின் கழுத்து மயிரைக் கலைத்தது. சிலது எழுந்து நின்று சிறகை உதறின. போனை எடுத்துப் பார்த்தாள், ஆறு முப்பத்திரண்டு. ஏழு மணிவரை பொறுக்க வேண்டும். ஏழு மணிக்கு அவனும் வந்து நிற்பான். ஆறு ஐம்பத்தைந்துக்கு அடித்தால் என்ன? அரை மணி என்றால் அரை மணிதானா, கோழிக்கென்ன கடிகாரம் தெரியுமா? ஆனாலும் அவள் பொறுப்பாள். பொறுப்பதற்குத்தானே இந்தப் பேட்ச்சே. ஷெட் வாசலில் கவிழ்த்திருந்த வாளிமேல், சேலை அழுக்காகாமல் இருக்கத் தீவனச் சாக்கை விரித்து உட்கார்ந்தாள்.

பொறுக்கிற பழக்கம் அந்தத் தோட்டத்தில் கிடையாது. சாமான் அறை அலமாரியில் மேல் தட்டில் அது இருக்கிறது, போன பேட்ச்சில் மிச்சமான பாட்டில், மஞ்சளாக. பாட்டிலில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கும், ஊர் அதை என்ரோ என்று சுருக்கிக் குடும்பத்தில் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டது. குஞ்சு இறங்கிய மூன்று நாள், வழிப்பயணக் களைப்பு, அதற்கு என்ரோ. மழை பெய்தால் என்ரோ. வெயில் அடித்தாலும் என்ரோ. பக்கத்துத் தோட்டத்தில் நாலு கோழி செத்தது என்று கேள்விப்பட்டால் இங்கே என்ரோ. நாச்சிமுத்து தும்மினால்கூடக் கோழிக்கு என்ரோ என்று அவள் ஒரு தடவை சொல்லி, அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அளவெல்லாம் மூடிக் கணக்குதான். கோழி குடிக்கிற தண்ணீர் டேங்க்குக்கு இரண்டு மூடி. தும்மல் இரண்டு நாளில் அடங்கினால் மூன்றாம் நாள் நிறுத்திவிடுவார்கள், மிச்சத்தை அடுத்த பேட்ச்சுக்கு வைத்துக்கொள்ளலாமே என்று. அதைவிடப் பெரிய தப்பு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. பயந்த கிருமி செத்துப்போகும், பயப்படாத கிருமி உட்கார்ந்து குட்டி போடும், அதன் குட்டிக்கும் பயம் இருக்காது. இப்படித்தான் அவள் அதைப் புரிந்துகொண்டாள், டாக்டர் பெண் இதையே படம் வரைந்து வேறு மாதிரி சொன்னாள். பதினோரு வருஷமாக அவளும் நாச்சிமுத்துவும் சேர்ந்து மூடி மூடியாகப் பயப்படாத கிருமிகளை வளர்த்திருக்கிறார்கள். கோழியைவிட அது நன்றாக வளர்ந்திருக்கும். அதற்கு லாரி வராது, பிடித்துக்கொண்டு போக ஆள் வராது, இங்கேயேதான் இருக்கும், இந்த மண்ணில், அந்தக் குழாயில், அவள் கையில். அவள் கையைப் பார்த்தாள். கயிறு இழுத்ததில் உள்ளங்கை சிவந்திருந்தது.

ஆர். இங்கிலீஷ் எழுத்தில் அவளுக்குப் பிடிக்காத எழுத்து. இந்த வருஷம் ஆடியில் ஷெட் கூரையைச் சரி செய்யும்போது நாச்சிமுத்து துருப்பிடித்த தகரத்தை மிதித்தார். காலில் ஒரு கீறல், அவ்வளவுதான். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு எச்சம் அள்ளப் போய்விட்டார். எட்டாம் நாள் குளிர் நடுக்கம், பத்தாம் நாள் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பெயர் தெரியாத மிஷின்களுக்கு நடுவில் அவர் கிடந்தார். காய்ச்சல் மருந்துக்குக் கேட்கவே இல்லை. ஒரு மருந்து, அப்புறம் இன்னொன்று, அப்புறம் இரண்டையும் சேர்த்து. ஒரு நாள் நர்ஸ் கையில் ஒரு தாளைக் கொடுத்துக் கீழே டாக்டரிடம் காட்டச் சொன்னாள். லிஃப்டில் நின்றபடி அவள் அதைப் பார்த்தாள். எட்டாங் கிளாஸ் இங்கிலீஷுக்கு எழுத்து கூட்டத் தெரியும். இடது பக்கம் மருந்துப் பெயர்கள், வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேராக ஆர், ஆர், ஆர், ஆர், வரிசையாக மேலிருந்து கீழே. கடைசிக்கு முந்தின வரியில் ஒரே ஒரு எஸ். கீழே டாக்டரிடம் கேட்டாள். "ஆர்னா என்னங் சார்?" "அந்த மருந்துக்குக் கிருமி கேக்காதும்மா." "எஸ்னா?" "கேக்கும்." அந்த ஒரு எஸ்தான் பத்தொன்பதாம் நாள் நாச்சிமுத்துவை வீட்டுக்கு அனுப்பியது. சிவன்மலைக்கு வேண்டிக்கொண்டதும் உண்டு, ஆனாலும் மனதுக்குள் அவள் கும்பிட்டது அந்த எழுத்தைத்தான். ஆர் போட்ட மருந்துகளில் ஒன்றின் பெயரை அவள் வாய்விட்டுக் கூட்டிப் படித்துப் பார்த்தாள், சிப்ரோ என்று வந்தது. பின்பாதியில் வந்த எழுத்துகளை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து சாமான் அறைக்குப் போனவள் மஞ்சள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பெயருக்கும் வால் ஒன்றாக இருந்தது. கோழி டாக்டர் பெண் தோட்டத்துக்கு வந்தபோது கேட்டேவிட்டாள். "ரெண்டும் அண்ணந் தம்பி மாதிரிதாங்க. ஒண்ணுக்கு அடங்காதது இன்னொண்ணுக்கும் பெரும்பாலும் அடங்காது." "அப்ப அவருக்கு வந்தது எங்க ஷெட்டுலருந்துங்களா?" "அப்படின்னு சொல்ல முடியாதுங்க. இல்லைன்னும் சொல்ல முடியாது." இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றாலாவது அழுதிருப்பாள். இரண்டும் இல்லாமல் நடுவில் விட்டுவிட்டுப் போனதுதான் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அடுத்த பேட்ச் குஞ்சு இறக்கின அன்றைக்குப் பிரகதீஸிடம் அவள் சொன்னாள், இந்தத் தடவை நான் ஒன்றும் போட மாட்டேன் என்று.

ஆறு நாற்பத்தொன்று. ஒன்பது நிமிஷம்தானா போயிருக்கிறது? அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். உள்ளே கோழிகள் வழக்கமான சளசளப்பில் இருந்தன, அந்தச் சத்தத்துக்குள் தும்மலைத் தேட முடியாது, ஆனாலும் காது தேடியது. ச்சிக். அது தும்மலா, தகரத்தில் அலகு பட்டதா? முதல் சீட்டியில் கேட்ட ஏழாவதும் அப்படித்தான் கொஞ்சம் தகரமாகக் கேட்டது. அப்படியானால் பத்து. பத்தைத் தாண்டினால்தான் பயம், பத்து என்றால் தாண்டவில்லை. அவளுக்கே சிரிப்பு வந்தது, ஒரு தும்மலைக் கழித்துவிட்டால் நாலாயிரத்து எண்ணூறு கோழி பிழைத்துவிடும் பாரு. ஆறு வருஷத்துக்கு முன்னால் நோவு விழுந்த அந்தப் பங்குனியில் எத்தனை தும்மலில் தொடங்கியது? எட்டா, பதினாறா? நினைவுக்கு வரவில்லை. சாயங்காலம் நாற்பது கோழி தலை தொங்கி நின்றது மட்டும் நினைவிருக்கிறது. விடியும்போது முந்நூறு. குழி வெட்டினார்கள், குழி பத்தவில்லை, இன்னொரு குழி. சுண்ணாம்புச் சாக்கைக் கவிழ்த்தபோது கீழே ஒரு கோழி இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு என்ரோ போட்டார்கள்தானே. மூன்று மூடி, நாலு மூடி என்று போட்டும் கேட்கவில்லையே. அப்போதே அது ஆர் ஆகிவிட்டிருந்தது, தாள் கொடுக்கத்தான் யாரும் இல்லை. ஆனாலும் இப்போது போட்டால் ஒருவேளை கேட்குமோ? போட்டால் நாலு நாளில் லாரி வர முடியாது, மருந்து கறியிலிருந்து இறங்கப் பத்து நாளாவது விட வேண்டும். பேட்ச்சும் மருந்து போட்ட பேட்ச் ஆகிவிடும். ஊரில் இன்னும் நாலு தோட்டத்துக்காரர்கள் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தேறினால் நாங்களும் என்று. தேறாவிட்டால் பொம்பளை பேச்சைக் கேட்டால் இப்படித்தான் என்பார்கள். செத்தாலும் அதைத்தான் சொல்வார்கள். பிழைத்தால் மட்டும் அதிர்ஷ்டம் என்பார்கள். அட, சொல்லட்டுமே. அவளுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை, உட்கார்ந்தபடியே குதிகாலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்து டேங்க் பக்கமிருந்து சுற்றிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் இடது காலை ஒரு இழுப்பு இழுத்துத்தான் நடப்பார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே அவள் சேலையை ஏற இறங்கப் பார்த்தார். "பால் கறந்தாச்சுங்களா?" "ம்." "காப்பி குடிச்சீங்களா?" "ம்." அந்த மனுஷனுக்கு ம் என்பதிலேயே எட்டு வகை உண்டு, இது எந்த வகை என்று பார்க்க இன்றைக்கு அவளுக்கு நேரமில்லை. தும்மலைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார், பயந்தால் அவர் கை எந்த அலமாரிக்குப் போகும் என்று தெரியும். நான் பதினொன்று எண்ணினேன் என்று சொல்லாமல் இருப்பது பொய்யா? ஏழு மணிக்குச் சொல்லிக்கொள்ளலாம், ஒன்றுமில்லை என்று ஆன பிறகு சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். அவர் வலைக்கு அந்தப் பக்கம் போய் முருங்கை மரத்தடியில் நின்றார். போன ஞாயிற்றுக்கிழமை பத்துக் கோழியைப் பிடித்து எடை போட்டபோது அவர்தான் தராசைப் பிடித்தார். போன பேட்ச்சைவிட ஒவ்வொன்றும் எண்பது கிராம், நூறு கிராம் கூட. "முள்ளுத் தப்பாக் காட்டுது" என்று தராசைத் தட்டினார். மறுபடி போட்டார், மறுபடி அதே. அப்போது அவர் முகத்தில் ஓடியதை அவள் பார்த்தாள், சந்தோஷம் மாதிரியும் இருந்தது, திருடு போன மாதிரியும் இருந்தது. பதினோரு வருஷம் போட்டதெல்லாம் எதற்கு என்று அவருக்கும் தோன்றியிருக்கும். வீடியோவில் எடையைச் சொல்ல வேண்டும். சுத்தத்தைச் சொல்ல வேண்டும், வாசலில் சுண்ணாம்புக் குழியில் காலை வைத்துத்தான் வருவோம், தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் இரண்டு தரம் கழுவுவோம், நார்த்தூளைக் கிளறிக்கொண்டே இருப்போம். வணக்கம், என் பேர் வசந்தாமணிங். இல்லை, வணக்கமுங்க என்று தொடங்க வேண்டும். கையை எங்கே வைத்துக்கொள்வது? ஒரு கோழியைத் தூக்கி வைத்துக்கொண்டால் கைக்கும் வேலை ஆச்சு. கோழி அப்போது பார்த்துத் தும்மினால்? அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆறு ஐம்பத்தாறு. வாய் உலர்ந்து கிடந்தது. உலர்ந்த வாயால் சீட்டி வராது, நாக்கை மேலண்ணத்தில் தடவித் தடவி எச்சிலை ஊறவைத்தாள். இப்போது எண்ணினால் எத்தனை வரும்? ஐந்துக்குள் வந்தால் காற்று. எட்டு வந்தால்? எட்டு என்றால் குறைந்ததா, குறையவில்லையா? டாக்டர் பெண்ணிடம் அதைக் கேட்காமல் விட்டது எவ்வளவு பெரிய மடத்தனம். பதினைந்து வந்தால் கேட்கவே வேண்டாம், அலமாரி, மேல் தட்டு, மஞ்சள் பாட்டில், இரண்டு மூடி. இல்லை, போன் பண்ணுவேன், டாக்டர் சொன்னால்தான். அவள் எழுந்தாள். எழுந்தது பயத்திலா, ஆசையிலா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை, இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. கல்யாணத்தன்று மணவறைக்கு நடந்தபோதுகூட மனசு இப்படி அடித்துக்கொள்ளவில்லை, அன்றைக்குத் தூக்கம்தான் வந்தது. சுண்ணாம்புக் குழியில் செருப்பை வைத்து எடுத்தாள். உள்ளே போய் நடுவில் நின்றாள். நெடி போயிருந்தது, கண் எரியவில்லை, காற்று இரண்டு பக்கமும் தாராளமாகப் போய்வந்தது. கோழிகள் அவள் கால்களைச் சுற்றி வழிவிட்டு மூடிக்கொண்டன. ஏழு ஆக இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது, அந்த ஒரு நிமிஷத்தையும் அவள் நின்று கழித்தாள்.

விரலை வைத்து அடித்தாள். அவள் ஆயுசிலேயே அப்படி ஒரு சீட்டி அடித்ததில்லை, கூரைத் தகரம் அதிர்ந்து திரும்பி வந்தது. நாலாயிரத்து எண்ணூறும் அப்படியே நின்றன. ஒரு நொடி. தொலைவில் ஏதோ லாரி. இரண்டு. தீவனக் குழாயில் ஒரு பொட்டுத் தானியம் உருண்டது. மூன்று. ச்சிக், இடது மூலையில், ஒன்று. நாலு. அவள் மூச்சை விடவில்லை. ஐந்து. ஒன்றுமில்லை. ஆறு. ஒன்றுமில்லை. பிறகு ஒரு கோழி தைரியம் வந்து கொக்கரிக்க, எல்லாம் சேர்ந்துகொண்டன. ஒன்று. ஒன்றே ஒன்று. தூசி. காற்றுதான், காற்றேதான், பதினொன்றும் காற்று. அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. மூன்று மூடி இல்லை, இரண்டு மூடி இல்லை, ஒரு கயிற்றை இழுத்துக் கட்டியதில் சரியாகிவிட்டது. பதினோரு வருஷத்தில் எத்தனை விடிகாலையில் இந்தக் கயிற்றை இழுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் வந்ததுதான், எல்லாமே சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பயம் தெளிந்த கோழிகள் சிவப்புத் தண்ணீர்க் கிண்ணங்களைச் சுற்றிக் குழுமின. அலகை நனைத்து, தலையை மேலே தூக்கி, கண்ணை மூடி விழுங்கின. நூற்றுக்கணக்கான தலைகள் குனிந்தும் நிமிர்ந்தும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோழி தண்ணீர் குடிப்பது இவ்வளவு அழகா என்று இருந்தது.

"வசந்தா." வலைக்கு வெளியே நாச்சிமுத்து. அவர் குரல் சரியாக இல்லை. "தண்ணிய நிறுத்து புள்ள."

அவளுக்குப் புரியவில்லை. "கேட்டீங்களா? ஒண்ணே ஒண்ணுதானுங்."

"கேட்டன். அதனாலதான் சொல்றன். நிறுத்து." அவர் வலைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "நீ மொத சீட்டி அடிச்சப்ப நானும் இங்க நின்னு எண்ணுனன். எனக்குப் பதிமூணு வந்துச்சு."

அவள் ஓடினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோழிகளைத் தாண்டி, வாசலைத் தாண்டி, டேங்க்கின் அடியில் இருந்த வால்வை இரண்டு கையாலும் திருகினாள். பாதிக்கு மேல் தண்ணீர் இறங்கிவிட்டிருந்தது என்று தட்டிப் பார்த்தபோது சத்தத்திலேயே தெரிந்தது. டேங்க் மேட்டில் மஞ்சள் பாட்டில், மூடி திறந்தபடி. அவர் காலை இழுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"எப்பங் போட்டீங்க?"

"நீ படுதா தூக்கறப்ப."

"ஆர் ஆர்னு அந்தத் தாளுல இருந்துச்சே, மறந்துட்டீங்களா? படுத்துக் கெடந்தது நீங்கதானுங்."

"மறப்பனா?" அவர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் கெடந்தப்ப நீ ஒத்தையா ஓடுனது எல்லாம் எனக்குத் தெரியும். இதும் போச்சுன்னா நீ ஒடிஞ்சுருவீன்னு பயந்துட்டன். யோசிக்கறதுக்குள்ள கையி தானாப் போயிருச்சு. அரை மணி பொறுத்திருந்தா..."

அவள் மூடியை எடுத்துப் பாட்டிலைத் திருகி மூடினாள். அந்தக் கை தானாகப் போகும் என்று அவளுக்குத் தெரியும், அவள் கையும் போயிருக்கும், சேலையைக் கட்டிக்கொண்டு வாளிமேல் உட்கார்ந்துவிட்டதால் போகவில்லை. பதினொன்று என்று அவரிடம் அவளும்தானே சொல்லவில்லை. கேட்டில் பைக் சத்தம் வந்து நின்றது. பிரகதீஸ் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஷெட் பக்கம் போனான், வலை வழியாக எட்டிப் பார்த்தான், அங்கிருந்தே சிரித்தான்.

"அக்கா, என்னங்க்கா இது, மாப்பிள்ளைங்க மாதிரி நிக்குதுங்க. வாங்க வாங்க, வெளிச்சம் நல்லா இருக்கு." போனைக் குறுக்கே பிடித்தான். "இங்க நில்லுங்க. பேரச் சொல்லீட்டு, முப்பத்து நாலு நாளா ஒண்ணும் போடலன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான்."

நாச்சிமுத்து டேங்க்கடியிலேயே நின்றார். அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஷெட் நடுவில் நின்றாள். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? கோழி சொல்லாது, அவர் சொல்ல மாட்டார், நாலு நாளில் லாரி வந்துவிடும், நாலு தோட்டத்துக்காரர்களும் கை தட்டுவார்கள். அந்தக் கறியை யாரோ ஒருவர் வாங்கிக்கொண்டு போய்த் தன் பிள்ளைக்குப் போடுவார். போனில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

"வணக்கமுங்க. என் பேர் வசந்தாமணிங். முப்பத்து மூணு நாள் ஒண்ணும் போடாம வளத்தமுங். இன்னைக்குக் காத்தால போட்டுட்டமுங்."

பிரகதீஸின் முகம் சுருங்கியது. போனைப் பிடித்த கையும் இறங்கத் தொடங்கியது. "அக்கா..."

"எறக்காதீங் தம்பி. எடுங், இன்னும் சொல்லி முடிக்கல." அவள் குரல் மேலே ஏறியது, அவளாலேயே அடக்க முடியவில்லை. "போட்டிருக்கவே வேண்டியதில்லீங். ஆறேகாலுக்குச் சீட்டி அடிச்சா பதினொரு தும்மலுங். படுதாவத் தூக்கிக் கட்டிப்போட்டு ஏழு மணிக்கு அடிச்சா ஒண்ணே ஒண்ணுங். அதுக்குள்ள மருந்து வேல செய்யாதுங், காத்துதானுங் வேல செஞ்சுது. இந்த அரை மணி நேரத்த எங்களால பொறுக்க முடியலீங், அதுதான் நடந்துச்சு. இந்தக் கோழிய இன்னும் பத்து நாளைக்குப் புடிக்க விடமாட்டமுங். அடுத்த குஞ்சு எறக்குங், மறுபடி மொதல்லருந்து பாக்கறமுங்." அவள் திரும்பி டேங்க் பக்கம் பார்த்தாள். "ஏனுங், அங்க என்ன பண்றீங்க? இங்க வாங். உங்க காதுக்குப் பதிமூணு கேட்டுச்சுன்னீங்களே, அதையும் வந்து சொல்லுங்."

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சுண்ணாம்புக் குழியில் முதலில் நல்ல காலை வைத்தார், பிறகு இழுக்கிற காலை வைத்தார்.